கட்டாததற்குக் காரணம்

ஈப்போவில் எங்கள் வீடுகள் இருக்கும் தாமானின் குடியிருப்போர் சங்கத்துக்குச் சந்தா வசூலிக்க வருபவர் ஓர் அக்கா. குட்டையான உருவம், வெயிலுக்குத் தொப்பி, கையில் ஒரு பள்ளிக்கூட நோட்டு. மணியை அடிக்கமாட்டார். நாமாக வெளியே வரும்வரை கேட்டருகே நின்று வீட்டு நாயிடம் நலம் விசாரித்துக்கொண்டிருப்பார்.

நான் ஐந்து மாதமாகச் சந்தா கட்டவில்லை. தெலுக் இந்தானிலிருந்து வந்த என் தங்கையைச் சங்கம் வைத்திருக்கும் காவலாளி நுழைவாயிலிலேயே அரைமணி நேரம் நிறுத்திவிட்டார். அந்தக் கோபம். அதை அக்காவிடம் சொன்னேன். வாதாடுவார் என்று நினைத்தேன்.

"நியாயம்தான் தம்பி. நானா இருந்தாலும் கட்டமாட்டேன் லா," என்றபடி நோட்டில் எழுதினார்.

எட்டிப் பார்த்தேன். பாக்கி வைத்த வீட்டு எண்களுக்கு எதிரே தொகை இல்லை, காரணங்கள்தான் இருந்தன. 'மக கல்யாணம்.' 'வேலை போயிருச்சு.' என் எண்ணுக்கு எதிரே, 'கோபம். தப்பில்ல.'

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே போய் ஐந்து மாதப் பணத்தையும் எடுத்துவந்து கொடுத்தேன். ரசீது தந்தார். ஆனால் அந்த வரியை அடிக்கவில்லை.

"அதான் கட்டிட்டேனே அக்கா?"

"காசு வந்துருச்சு. கோபம் போகலியே தம்பி. உங்க தங்கச்சிய நிறுத்துன அந்த ஜாகாகிட்ட பேசிட்டு வந்து அடிக்கிறேன்."

பக்கத்து வீட்டுக்காரர் ஒன்றரை வருடமாகக் கட்டாதவர், யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாதவர். அக்கா நேராக அங்கே போனார். சற்று நேரத்தில் அந்த மனிதர் வாய்விட்டுச் சிரிப்பது கேட்டது. என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அடுத்த மாதம் அவர் பணத்தோடு கேட்டருகே காத்துக்கொண்டு நின்றார்.