ஒரு சிட்டிகை மயில்துத்தம்

பரமத்தி வேலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் வீட்டுக்குள் மீன் வளர்த்த முதல் ஆள் நான்தான். அதில் எனக்கிருந்த தலைக்கனத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. எழுபதுகளின் கடைசி அது. நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் ஆங்கிள் பிரேம் அடித்து, கண்ணாடி பொருத்தி, தண்ணீர் ஒழுகாமல் இடுக்கில் புட்டி பூசி வாங்கிய தொட்டி. சேலத்திலிருந்து நாலு தங்கமீன்களைப் பாலித்தீன் பையில் போட்டு, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தேன். தெருவில் போகிறவன் பார்க்கட்டும் என்று தொட்டியை ஜன்னலோரம் வைத்தேன். மேலே ஒரு டியூப் லைட். விடிந்ததிலிருந்து படுக்கப் போகும்வரை அது எரிந்துகொண்டே இருக்கும்.

மூன்றே வாரத்தில் கண்ணாடி பச்சையாகிவிட்டது. பிளேடால் சுரண்டுவேன், நாலாம் நாள் மறுபடி வழவழவென்று பாசி. மீன் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. வழி சொன்னது என் மனைவி.

"வெளிச்சத்தைக் கொறைங்க. எங்கூட்டுக் கெணத்துல நெழல் உழுகற பக்கம் பாசியே புடிக்காதுங்க."

சேலத்துக் கடைக்காரரும் அதையேதான் சொல்லி அனுப்பியிருந்தார். வெயில் படக்கூடாது, விளக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் கூடாது. கேட்டேனா? விளக்கை அணைத்துவிட்டால் எவன் பார்ப்பான்? உனக்கென்ன தெரியும், போய் வேலையைப் பார் என்று அவளை விரட்டிவிட்டேன்.

எங்களுக்கு வெற்றிலைக் கொடிக்கால் உண்டு. கொடி வாடினால் மயில்துத்தம் என்ற நீல விஷ உப்பைச் சுண்ணாம்போடு கரைத்து ஊற்றுவோம். தோட்டத்துச் சிமெண்டுத் தொட்டியில் பாசி பிடித்தாலும் அதே துத்தம்தான், பாசி செத்துப்போகும். அந்தத் தொட்டியில் மீன் கிடையாது என்பது இந்த மரமண்டைக்கு ஏறவில்லை. ஒரு சாயங்காலம் யாரும் இல்லாத நேரம் பார்த்து, மீன்தொட்டியில் ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கிவிட்டேன்.

காலையில் நாலும் செத்து மிதந்தன. கடைசியாகத் தீனி போட்டது யார் என்று அம்மா கேட்டாள். நான்தானுங்க அத்தை என்றாள் மனைவி. எங்கள் பக்கம் கைராசி என்பது சின்ன விஷயமில்லை. புதுக் கொடிக்காலில் முதல் கொடியை ராசியான கைதான் ஊன்ற வேண்டும். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து அது என் மனைவியின் கை. அம்மா இப்போது அந்தக் கையையே பார்த்தாள்.

நான் வாய் நிறையப் பல்பொடியோடு நின்றிருந்தேன். துப்பிவிட்டு, தீனியை அள்ளிக் கொட்டியிருப்பாள் என்றேன். வெட்கங்கெட்டவன், அப்படித்தான் சொன்னேன். மனைவி மீன்களை எடுத்துக்கொண்டு போய்ப் புதைத்தாள்.

அந்த வருஷம் முதல் கொடி ஊன்ற அம்மா என் தம்பி மனைவியைக் கூப்பிட்டாள். விதைப்புக்கு முதல் விதை எடுத்துக் கொடுப்பதும் அவள் கைக்குப் போனது. என் மனைவியை வாஞ்சையாகச் "சாமி" என்று கூப்பிடுவதையும் அம்மா விட்டுவிட்டாள். எல்லாம் என் கண்ணெதிரே நடந்தது. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். ஒரே ஒரு வாக்கியம், அதைச் சொல்ல எனக்குத் துப்பில்லை.

பத்து வருஷம் கழித்து எங்கள் மகளுக்குக் கல்யாணம். அம்மா செத்துப்போய் அப்போது இரண்டு வருஷமாகியிருந்தது. முகூர்த்தக்காலுக்குப் பால் ஊற்ற மணப்பெண்ணின் தாயைக் கூப்பிட்டார்கள். மனைவி பின்னால் நகர்ந்தாள்.

"என்ற கை வேண்டாமுங்க. புள்ளைக்கு ஆகாது."

அவளைத் தனியே கூட்டிப்போய் மாட்டுக்கொட்டகை ஓரம் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். வாய்க்கு வந்தபடி திட்டமாட்டாளா என்று இருந்தது. அவள் கேட்டது ஒன்றுதான்.

"அத்தைக்குத் தெரியுமுங்களா?"

தெரியாது, சொல்லவே இல்லை என்றேன்.

"அப்ப நான் யாருகிட்டப் போயிச் சொல்லறதுங்க?"

பந்தலில் நேரமாகிறது என்று கூப்பிட்டார்கள். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். என் மகளின் முகூர்த்தக்காலுக்குத் தம்பி மனைவிதான் பால் ஊற்றினாள்.