ஜபார் பாயும் சிவப்புப் பொத்தானும்

யாராலும் நம்ப முடியாத கதை ஒன்றைச் சொல்லப்போகிறேன் என்று இதனால் உறுதி கூறுகிறேன். நம்பிவிட்டால் அது என் எழுத்தின் குறை.

போன வெள்ளிக்கிழமை சிதம்பரத்திலிருந்து ஜபார் பாயின் மகள் போன் செய்தாள். “மாமா, வாப்பா மௌத்தாயிட்டாங்க.”

“நல்லாப் பாரும்மா. போர்டு முன்னாடி உக்காந்தா அவரு அப்புடித்தான், மூச்சே தெரியாது” என்றேன். அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள்.

தொழிற்சாலைகளில் இயந்திரங்களை ஓட்டும் கணினிப் போர்டுகளைப் பழுதுபார்ப்பது எங்கள் இருவரின் தொழில். பாய் கடலூர் பஸ்ஸில் ஏறினாலே வழியிலுள்ள போர்டுகள் பயந்து குணமாகிவிடும். நாங்கள் டீ மட்டும் குடித்துவிட்டுத் திரும்புவோம்.

பழைய போர்டுகளின் விளிம்பில் இரண்டு பொத்தான்கள் இருக்கும். சிவப்பு ரீசெட்டை அழுத்தினால் போர்டு எல்லாவற்றையும் மறந்து புதிதாகப் பிறக்கும். கறுப்பு அபார்ட்டை அழுத்தினால் ஓட்டம் மட்டும் நிற்கும்; கடைசியாக என்ன நடந்தது என்று திரையில் படிக்கலாம். பாய் சொல்வார்: “அடிபட்டு வந்தவன்கிட்ட யாரு அடிச்சான்னு கேக்கணும் மச்சான். குளிப்பாட்டிப் பவுடர் போட்டு அனுப்பக் கூடாது.”

கடலூருக்குத் தெற்கே ஒரு சாயத் தொழிற்சாலை. ஒருநாள் அங்கே தொட்டி நிரம்பி வழிந்து, போர்டு உறைந்து நின்றது என்று எங்களைக் கூப்பிட்டார்கள். ஒப்பந்தத் தொழிலாளி செல்வம்தான் கையால் வால்வைத் திறந்தார் என்று சொல்லி, அவருடைய கேட் பாஸைப் பிடுங்கிவிட்டார்கள்.

“ரீசெட் அடிங்க, வேலை ஓடணும்” என்றார் மேனேஜர்.

“அடிச்சா, தொறந்தது செல்வமா போர்டான்னு தெரியாமப் பூடும் சார்.”

“எங்களுக்குத் தெரியும் பாய்.”

“அப்ப போர்டும் அதையே சொல்லிட்டுப் போவட்டுமே. என்னா பயம்?”

மேனேஜரின் கோபத்தில் உப்பனாறு கொதித்தது. அன்று வலை போட்டவர்களுக்கு மீன் குழம்பாகவே கிடைத்தது. பதினாறு காவலாளிகள் பாய்ந்தார்கள். பாய் போர்டு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, தம் வயிற்றால் சிவப்புப் பொத்தானை மறைத்தார். சிதம்பரம் கொத்சு ஊற்றி வளர்த்த வயிறு. கிரேன் கட்டி இழுத்தும் நகரவில்லை. பக்கத்தில் நான் சிங்கம்போல் நின்றேன்.

பாய் சுண்டுவிரலால் கறுப்பை அழுத்தினார். திரையில் வரிவரியாக வந்தது. தொட்டி காலி என்றே சென்சார் சொல்லிக்கொண்டிருக்க, போர்டுதான் வால்வைத் திறந்திருந்தது. கையால் கொடுத்த உத்தரவு ஒன்றுகூட இல்லை. மேனேஜர் அதை வாய்விட்டுப் படித்து, பாஸைத் திருப்பித் தரும்வரை பாய் எழுந்திருக்கவில்லை.

பிறகு அந்தக் கம்பெனி எங்களைக் கூப்பிடவேயில்லை. “வுடு மச்சான், அவுங்க டீயும் மட்டம்” என்றார்.

செல்வம் இன்றும் அங்கேதான் வேலை பார்க்கிறார். பாயின் உடலை வைத்த சந்தூக்கைத் தோளில் சுமந்தவர்களில் அவரும் ஒருவர்.

பாயிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் பிடிவாதத்தைத்தான். “நடந்தது நடந்துபோச்சு, ஆவுறதைப் பாருங்க” என்று எவர் சொன்னாலும் இனி நான் நாற்காலியை விட்டு எழுவதாக இல்லை.

ஆறு, கிரேன், காவலாளிகள், சிங்கம் எல்லாம் என் கைச்சரக்கு. வயிறு குறுக்கே வந்தது மட்டும் நிஜம். மேனேஜர் சொன்னதும் சிவப்புப் பொத்தானை நோக்கி நீண்ட விரல் என்னுடையது.