கிறிஸ்துமஸ் தாத்தாவிடம் அப்பாவைக் கேட்டவள்

சில வருடங்களுக்கு முன்னால், டிசம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நடந்தது இது. அப்போது நாங்கள் திருவனந்தபுரத்தில் கரமனை பக்கம் ஒரு காலனியில் வாடகைக்கு இருந்தோம். என் கணவருக்கும் எனக்கும் சொந்த ஊர் திருநெல்வேலி. மகளுக்கு அப்போது மூன்று வயது நிறையவில்லை. வீட்டில் தமிழ், பிளே ஸ்கூலில் மலையாளம் என்று இரண்டையும் ஒரே வேகத்தில் கற்றுக்கொண்டிருந்தாள். வீட்டு ஆட்களிடம் தமிழ், வெளியாட்களிடம் மலையாளம். இந்தப் பிரிவினையை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. அவளாகவே வைத்துக்கொண்டாள்.

எங்கள் காலனி அசோசியேஷனில் வருடா வருடம் கிறிஸ்துமஸ் விழா நடத்துவார்கள். ஸ்டார் விளக்கு, பிளம் கேக், பாட்டு, எல்லாவற்றுக்கும் மேலே கிறிஸ்துமஸ் தாத்தாவின் மடியில் குழந்தைகளை உட்கார வைத்து ஒரு போட்டோ. கிறிஸ்துமஸ் அப்பூப்பன் என்பார்கள் அங்கே. அந்த வருடம் புதிதாக ஒரு யோசனை வேறு. அந்தப் போட்டோக்களை வைத்து அசோசியேஷன் காலண்டர் அடிப்பதாக முடிவு. ஜனவரிப் பக்கத்துக்கு என் மகள்தான் என்று செயலாளர் என்னிடம் சொல்லிவிட்டார். காலனியிலேயே சிறிய குழந்தை அவள்தானாம்.

வழக்கமாக அப்பூப்பன் வேஷம் போடுபவர் ஓய்வுபெற்ற ஒரு வங்கி அதிகாரி. விழாவுக்கு முந்தின நாள் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. செயலாளர் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். என் கணவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சாருக்கு டிரஸ் கரெக்டா இரிக்கும்" என்றார். என் கணவருக்கு யாரிடமும் முடியாது என்று சொல்ல வராது. சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. மகளை யார் பார்த்துக்கொள்வது, கூட்டத்தில் நான் ஒருத்தியாக என்ன செய்வேன் என்று செயலாளர் போன பிறகு கணவரிடம் கேட்டேன்.

"அரை மணி நேரம்தான். பாப்பா கிட்ட நான்னு சொல்லாத. அவளுக்கு அது ஜாலியா இருக்கும்" என்றார்.

முகமூடி ஆரியசாலைக் கடைத்தெருவில் ஏதோ மொத்தக் கடையில் வாங்கியது. இளஞ்சிவப்பு ரப்பர் முகம், அதில் ஒட்டிய பஞ்சுத் தாடி, எப்போதும் சிரித்தபடி இருக்கும் வாய், கண்ணுக்கு இரண்டு ஓட்டை. பார்த்தால் எனக்கே கொஞ்சம் ஒரு மாதிரி இருந்தது. ஆனால் மகளுக்கு அப்பூப்பன் என்றால் கொள்ளை ஆசை. ஒரு வாரமாகவே படங்களைக் காட்டி, மிட்டாய் தருவார், பாட்டுப் பாடுவார் என்று சொல்லிச் சொல்லி வைத்திருந்தேன். அழுவாளோ என்ற கவலையே எனக்கு இல்லை.

சாயங்காலம் பலூன் கட்டிய ஓர் ஆட்டோவில் அப்பூப்பன் வந்து இறங்கினார். வயிற்றில் எங்கள் வீட்டுத் தலையணை. மகள் கைதட்டினாள், ஆடினாள், ஓடிப்போய்க் கை கொடுத்தாள். முதல் போட்டோவே அவளுக்குத்தான். மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். ஜங்ஷனில் ஸ்டூடியோ வைத்திருப்பவர் கேமராவைக் கண்ணருகே கொண்டுபோனார். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அந்தத் தலையணையில் அவள் வழுக்கினாள். விழப்போகிறாள் என்று பதறி, "பாத்து, தங்கம்" என்று சொல்லிவிட்டார் என் கணவர்.

மகள் அப்படியே உறைந்துவிட்டாள். மெதுவாகத் திரும்பி அந்த ரப்பர் முகத்தைப் பார்த்தாள். "அப்பா?" என்றாள். முகம் சிரித்துக்கொண்டே இருந்தது. கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகத் தேடினாள். கடைசியில் என்னிடம் வந்து நின்றது அவள் பார்வை.

"அப்பா எங்க?"

அப்பா ஆபீஸ் போயிருக்காங்க என்று சொல்லி வைத்தேன். அவள் நம்பவில்லை. கீழே குனிந்து பார்த்தாள். சிவப்பு அங்கிக்குக் கீழே அவருடைய பழுப்பு நிறச் செருப்பு. தினமும் அவர் வீட்டுக்குள் வந்ததும் அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய் அலமாரியில் வைப்பவள் அவள்.

அப்பாவின் குரல் இந்த ஆளின் வயிற்றுக்குள்ளிருந்து வருகிறது. அப்பாவின் செருப்பை இந்த ஆள் போட்டிருக்கிறான். அப்பாவைக் காணோம். அவள் கணக்கில் நடந்தது என்னவென்று எனக்குப் புரிவதற்குள் மடியிலிருந்து குதித்து இறங்கி, அந்தத் தலையணை வயிற்றை இரண்டு கையாலும் அடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"என்டெ அப்பாவெ தா. என்டெ அப்பாவெ தா."

என் அப்பாவைக் கொடு என்று மலையாளத்தில் கேட்கிறாள். எதிரில் இருப்பவர் அந்நியர் அல்லவா, அதனால் மலையாளம். பெற்ற அப்பாவிடம் அவரையே கேட்டு அழுகிறாள்.

அதன் பிறகு ஆரம்பித்தது கூத்து. ஒரு குழந்தை அழுதால் போதும், சுற்றியிருப்பவர்கள் அத்தனை பேரும் நிபுணர்களாகிவிடுகிறார்கள். பக்கத்து வீட்டுச் சேச்சி, "அப்பூப்பன் ஒண்ணும் செய்யூல்ல மோளே" என்று கன்னத்தைக் கிள்ளினார். ஒருவர் போனில் கார்ட்டூன் போட்டு அவள் மூக்குக்கு நேரே நீட்டினார். ஸ்டூடியோக்காரர் ஒரு ரப்பர் வாத்தைக் கீச்சுக் கீச்சென்று அமுக்கினார். செயலாளர் பாட்டுச் சத்தத்தைக் கூட்டச் சொன்னார். அழுகிற போட்டோதான் அழகு, அப்படியே எடுங்கள் என்று ஒரு பெண் சொல்ல, நாலைந்து பேர் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் என்ன கேட்கிறாள் என்று காது கொடுத்தவர் ஒருவரும் இல்லை.

இல்லை, ஒரு ஆள் கேட்டான். வரிசையில் நின்ற ஐந்தாறு வயதுப் பையன். "அப்பூப்பன் இவள்டெ அச்சனெ விழுங்கி" என்று அம்மாவிடம் உரக்கச் சொன்னான். இவள் அப்பாவை விழுங்கிவிட்டாராம். அவ்வளவுதான். வரிசையில் இருந்த குழந்தைகள் ஒவ்வொன்றாகத் திரும்பித் தங்கள் அப்பாக்கள் பத்திரமாக இருக்கிறார்களா என்று தேட ஆரம்பித்தன. அப்பா கேக் வாங்கப் போயிருந்த ஒரு குழந்தை வீறிட்டது. பின்னாலேயே மற்றதுகளும். காலனி முழுக்க அழுகை. அப்பாக்களின் காலைக் கட்டிக்கொண்டு பிள்ளைகள் விடவில்லை.

என் கணவரின் கை முகமூடியின் விளிம்புக்குப் போனது. செயலாளர் பாய்ந்து வந்து அந்தக் கையைப் பிடித்தார்.

"சார், மாஸ்க் ஊரல்லே. மத்த பிள்ளேங்க எல்லாம் காணும்."

கழற்றக் கூடாதாம். மற்ற குழந்தைகள் பார்த்துவிடுமாம். என் கணவர் என்னைப் பார்த்தார். அந்த இரண்டு ஓட்டைகள் வழியே அவர் கண்கள் ஈரமாகத் தெரிந்தன. வியர்வையா கண்ணீரா என்று எனக்குத் தெரியவில்லை. ரப்பர் வாய் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது.

அதுவரை நானும் ஓர் அசட்டுச் சிரிப்போடுதான் நின்றிருந்தேன். அந்தக் கண்களைப் பார்த்ததும் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "நீங்க எங்கூட வாங்க" என்றேன் அவரிடம்.

"மேடம், ஒரு ஸ்நாப் போதும். காலண்டர்ல ஜனவரி..." என்று செயலாளர் குறுக்கே வந்தார்.

"காலண்டர்ல எம் பொண்ணு இல்லாட்டியும் ஜனவரி வரும் சார். வழி விடுங்க."

காலனியின் தண்ணீர் மோட்டார் ஷெட்டுக்குப் பின்னால் போனோம். அவர் அவசர அவசரமாக முகமூடியைக் கழற்றினார். "இங்க பாரு தங்கம், அப்பாதான்." முகம் சிவந்து, தலைமுடி நெற்றியில் ஒட்டி, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். இப்போது தாவிவிடுவாள் என்று நாங்கள் இரண்டு பேருமே நினைத்தோம்.

அவள் தாவவில்லை. ஒரு முகத்துக்குள்ளிருந்து இன்னொரு முகம் வந்ததை வெறித்துப் பார்த்தாள். அவர் கை நீட்டியதும் உடம்பைச் சுருக்கிக்கொண்டு என் கழுத்தில் முகத்தைப் புதைத்தாள். நீட்டின கை அப்படியே கொஞ்ச நேரம் காற்றில் நின்றது. பிறகு அவர் முகமூடியை மாட்டிக்கொண்டு திரும்பிப் போனார். மற்ற குழந்தைகள் காத்திருந்தார்களே.

அன்றிரவே வாட்ஸ்அப் குழுவில் அந்த வீடியோ வந்துவிட்டது, சிரிப்புப் பொம்மைகளோடு. எடுத்துவிடச் சொல்லிக் கேட்டேன். தமாஷ்தானே, இதற்குப் போய் ஏன் கோபம் என்றார்கள். குழுவை விட்டே வெளியே வந்தேன்.

அது போகட்டும். வீட்டுக்குள் நடந்ததுதான் தாங்க முடியாததாக இருந்தது. மகள் அவரிடம் போகவே இல்லை. அவர் சோறு ஊட்ட வந்தால் வாயை மூடிக்கொண்டாள். சாயங்காலம் செருப்பை எடுத்து வைக்கவில்லை. பேசினாள், ஆனால் மலையாளத்தில். "வேண்டா." "போ." வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுவது போல. அவர் தமிழில் கேட்பார், இவள் மலையாளத்தில் பதில் சொல்வாள். ஜிலேபி வாங்கி வந்தார், யானை போல் நடந்து காட்டினார். அவள் தூரத்தில் நின்று அவருடைய தாடை ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், எங்கே பிரிகிறது என்று தேடுவது போல. எனக்கு எல்லார் மேலும் கோபம். செயலாளர் மேல், அந்த ரப்பர் முகத்தைச் செய்தவன் மேல், தலையாட்டிய இவர் மேல்.

"வீணா ஒரு போட்டோவுக்காகப் பிள்ளையைப் பயமுறுத்தி வச்சாச்சு" என்று பொரிந்து தள்ளினேன்.

அவர், "அவ பயப்படலையே. பயந்தா ஓடியிருப்பா. எனக்காக அந்த ஆள் கூடச் சண்டை போட்டா" என்றார்.

சில நாள் கழித்து, ஒரு காலையில் அவர் ஷேவ் செய்துகொண்டிருந்தார். குளியலறைக் கதவு திறந்திருந்தது. முகம் முழுக்க வெள்ளை நுரை. மகள் எதற்கோ அந்தப் பக்கம் போனவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். நான் சமையலறையிலிருந்து பார்த்துவிட்டேன். போச்சு, மறுபடியும் ஆரம்பம் என்று கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். அவர் அசையாதே என்று எனக்குக் கண்ணைக் காட்டினார். ரேசரை மேலே வைத்துவிட்டு, ஈரத்தரையிலேயே மெதுவாக உட்கார்ந்தார்.

அவள் கிட்டே போனாள். ஒரு விரலால் அவர் கன்னத்து நுரையைத் தொட்டு இழுத்தாள். ஒரு கோடு விழுந்தது, அதற்குள்ளே கன்னம் தெரிந்தது. இன்னொரு கோடு. பிறகு உள்ளங்கையால் வழித்தாள். மூக்குக்குக் கீழே, தாடையில், காதோரம். அவர் மூச்சுக் கூட விடாமல் இருந்தார். கொடியில் கிடந்த துண்டை இழுத்து எடுத்து முகம் முழுக்கத் துடைத்துவிட்டாள். தாடை ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். ஒன்றும் பிரிந்து வரவில்லை.

"அப்பா" என்றாள். "எங்க போன நீ?"

தமிழில்.

"எங்கயும் போகல தங்கம். இங்கதான் இருந்தேன்" என்றார். அவள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவள் கையிலிருந்த நுரை இரண்டு பேர் மேலும் ஒட்டியது. அன்றைக்கு அவர் ஆபீசுக்குத் தாமதம், எனக்கும் வேலைக்குத் தாமதம், அடுப்பில் தாளிப்பு கருகிப் போனது. எங்களில் யாரும் கவலைப்படவில்லை.

மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அந்த மாலை அவளுக்கு நினைவில்லை. எனக்குத்தான் மறக்கவில்லை. டிசம்பர் வந்தால் எந்தக் கடை வாசலிலும் சிவப்பு அங்கியின் மடியில் ஏதாவது ஒரு குழந்தை அழுதுகொண்டிருக்கும். சுற்றிலும் பெரியவர்கள் கிலுகிலுப்பையை ஆட்டிக்கொண்டு சிரி, சிரி என்பார்கள். எனக்கு அப்போதெல்லாம் அவர்களைத் தள்ளிக்கொண்டு போய் அந்தக் குழந்தையின் முன்னால் குந்தி உட்கார்ந்து, "உனக்கு யார் வேணும், சொல்லு" என்று கேட்க வேண்டும் போலிருக்கும்.