மாமாவுக்கு ஒரு பாராட்டுக் கூட்டம்

என் மாமா, அதாவது மனைவியின் வாப்பா, ஒரு புலவர். கண் மங்கும்வரை ஒவ்வொரு நாளும் விடியலில் சுபஹுத் தொழுதுவிட்டு வந்து எழுதிக்கொண்டே இருந்தவர். தமிழ்ப் பாட்டுத்தான், அந்தக் காலத்து வழக்கப்படி அறபு எழுத்தில் எழுதுவார். அவற்றைப் பாடித் திரிந்த கூட்டாளிகள் ஒவ்வொருவராக மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்டார்கள். நானோ பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறவன். அதெல்லாம் கிழவர்களின் காரியம் என்ற மண்டைக்கனம் எனக்கு. அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்து எட்டு வருஷம், ஒரு வரி படித்ததில்லை.

ஐம்பதுகளின் நடுவில் கல்முனைக்குடி வாசிகசாலைக்காரர்கள் அவருக்குப் பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். அவர் எழுதியவற்றை மேசையில் அடுக்குவது, நான் பேசுவது என்று ஏற்பாடு. ஆட்கள் வருவார்களே என்று வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கத் தொடங்கினேன். கட்டிலுக்குக் கீழே ஒரு மரப்பெட்டி. உள்ளே கறையான் அரித்த தாள்கள், அறபு எழுத்து. யாரோ ஓதித் தேய்ந்த மார்க்கக் கிதாபு என்று நினைத்தேன். மாமா எழுதியவை அலுமாரியில் இருக்கின்றன என்பது என் எண்ணம். அவரிடம் கேட்டிருக்கலாம். கண் தெரியாத மனிசனிடம் என்ன கேட்பது என்று விட்டுவிட்டேன். துண்டுகள் நிலமெல்லாம் பறந்தன. ஓதுகிற எழுத்து காலில் மிதிபடலாமா? எங்கள் வழக்கப்படி சாக்கில் போட்டு, கல்லையும் வைத்துக் கட்டி, மச்சானின் தோணியில் கொண்டுபோய் ஆழக்கடலில் விட்டேன். நன்மை செய்த திருப்தியோடு வந்து சோறும் தின்றேன்.

கூட்டத்தன்று காலையில் அலுமாரியைத் திறந்தால், எல்லாம் விலைக்கு வாங்கிய அச்சுப் புத்தகங்கள். நான் கடலில் விட்டதுதான் மாமா எழுதியவை. மாமாவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"எல்லாம் போயிட்டுதா, மருமகன்?"

"ஓம் மாமா."

மாமா முகத்தை என் பக்கம் திருப்பினார். பிறகு கேட்டார்.

"இந்த எட்டு வருஷத்துல நீங்க ஏதாச்சும் எடுத்துப் படிச்சிருப்பீங்கதானே?"

உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை. "ஓம் மாமா, நெறையப் படிச்சிருக்கன்" என்றேன்.

கிழவரின் முகம் மலர்ந்துவிட்டது. கையை நீட்டி என் கையைத் தேடிப் பிடித்தார்.

"எனக்கு ஒண்டும் நெனவில்ல மகன். உங்களுக்குத் தெரிஞ்சதச் சொல்லுங்க, திரும்ப எழுதுவம்."

பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கையை உருவிக்கொண்டு வந்துவிட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என் மேல் எனக்கே அருவருப்பு.

பின்னேரம் கூட்டத்தில் அரை மணித்தியாலம் அவருடைய புலமையைப் பற்றி வெளுத்துக் கட்டினேன். சனம் கைதட்டியது. மேடையில் பொன்னாடையோடு இருந்த மாமா மட்டும், நான் ஒரு வரியாவது சொல்லுவேன் என்று கடைசிவரை காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார்.