கரடிக்காகக் கட்டிய மணி

எழுபதுகளில் காட்டுவழியே தலக்கோனா அருவிக்கு நடந்தபோது, கரடிக்குப் பயந்து வெடி, ஈட்டி எல்லாம் யோசித்து, கடைசியில் மாட்டுமணியைத் தேர்ந்தேன். சத்தம் கேட்டால் கரடி தானே விலகிவிடும். மணியை இடுப்பில் கட்டிக்கொண்டு மைத்துனன் பின்னால் வந்தான்.

பாதி வழியில் காடு அடங்கியது. இலையில் நீர் சொட்டுவதுகூடக் கேட்டது.

"என்ன அமைதிடா, நல்லா இருக்கு" என்றேன்.

"ஆமா மாமா" என்றான்.

புதர் தாண்டியதும் பத்தடியில் கரடி எழுந்து நின்றது, பக்கத்தில் குட்டி. சற்று நேரம் முகர்ந்துவிட்டு, அது குட்டியோடு சரிவில் இறங்கிப் போனது.

திரும்பிப் பார்த்தேன். மைத்துனன் கையில் உண்டிவில்; இடுப்பு மணிக்குள் நாக்கு ஆடாதபடி துணியைத் திணித்திருந்தான்.

"மணி அடிச்சிக்கினே வந்தா காட்டுக்கோழி நிக்குமா மாமா? அமைதி நல்லா இருக்குதுன்னு நீதான சொன்ன."

இப்போதெல்லாம் காட்டுக்குப் போனால் மணி என் இடுப்பில்தான். காடு அமைதியானால் ரசிப்பதற்கு முன் அதைத் தொட்டுப் பார்க்கிறேன்.