கொழுந்தோடு பங்கு போட்ட காற்று

பறித்த பிறகும் கொழுந்து மூச்சு விடும். அது மூச்சு முட்டாமல் பார்த்துக்கொள்ளத்தான் தேயிலைத் தொழிற்சாலையான எங்கள் ஸ்டோரின் மேல்மாடியில் எனக்குச் சம்பளம். கொழுந்தைப் பரப்பி வாட்டும் சாக்குத் தட்டுகளுக்கிடையே குனிந்து முதுகு போனவர்களே, உங்களுக்கு இது புரியும்.

முதல் சாக்கு

நிவித்திகலப் பக்கத்துத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்று, கொழுந்துச் சாக்குகளை அவிழ்க்காமல் வரிசையாக அடுக்கினேன். அடுக்கு அழகாகத்தான் இருந்தது. ஸ்டோரை நடத்தும் டீமேக்கர் ஐயா என் கையைப் பிடித்து ஒரு சாக்குக்குள் நுழைத்தார். சுட்டது. உள்ளே இலை சிவந்திருந்தது. "பறிச்சதும் செத்துப்போச்சுன்னு நெனைச்சியா? ஒன்னை மாதிரி அதுவும் மூச்சு விடுது. அமுக்குனா தன் சூட்டுல தானே வேகும்."

முப்பத்திநாலு படி

அன்றிலிருந்து எல்லாவற்றையும் எண்ணப் பழகினேன். ஜன்னல் பதினெட்டு, படி முப்பத்திநாலு. மத்தியானத்தில் மாடி பச்சை வாசனையில் மிதக்கும். பரப்பிய கொழுந்து மெல்ல ஏறி இறங்குவதுபோல இருக்கும். அதை மட்டும் எண்ண முடிந்ததில்லை.

என்னோடு கொழுந்து பரப்பிய ராமையாவுக்கு இழுப்பு. முன்பு படியில் மூச்சு வாங்க ஒரு தடவை நின்றவன், அந்த மழைக்காலத்தில் நாலு தடவை நின்றான். மேலிடத்துக்குத் தெரிந்தால் ஸ்டோரை விட்டு மலை வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே ஏற்றம் இன்னும் மோசம். ஒருநாள் பத்தொன்பதாவது படியில் உட்கார்ந்து சொன்னான்: "அண்ணே, நீங்க எண்ணுறது எனக்குத் தெரியும். எண்ணிக்கங்க, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

பதினெட்டு ஜன்னல்

சொல்லவில்லை. கூச்சக்காரனுக்கு வாயை மூடுவது சுலபம்.

செடியில் வெயில் படும்போது இலை நமக்கு நல்ல காற்றைத் தரும், பறித்துப் போட்டால் நம்மிடமே அதைக் கேட்கும் என்று தோட்டத்து மருந்துக்கார ஐயா சொல்லியிருந்தார். ஒரு அடைமழையில், ஈரம் புகாமலிருக்க எல்லா ஜன்னலையும் சாத்தி, கீழிருந்து சூட்டுக்காற்றை ஏற்றியிருந்தோம். ராமையா கொழுந்துமேல் சாய்ந்துவிட்டான். உதடு நீலம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்: நிமிடத்துக்கு நாற்பத்தியொரு மூச்சு. சுற்றிலும் பதினாலு பேர் குவிந்துவிட்டார்கள். அடுப்புக்காரர் பியதாச அவன் நெஞ்சைத் தடவி, "ஹெமின் ஹுஸ்ம கன்ன, மெதுவா மூச்சு விடு" என்று சிங்களத்திலும் தமிழிலும் கெஞ்சினார்.

வாழ்க்கையில் முதல் தடவையாகக் கத்தினேன். "குவியாதீங்க! கொழுந்து மாதிரி பரவுங்க!"

விலகினார்கள். பதினெட்டு ஜன்னலையும் திறந்தேன். பனி உள்ளே வந்து தட்டுகளின்மேல் வெள்ளையாக நடந்தது. ராமையாவின் மூச்சு முப்பதுக்கு இறங்கியது. கொழுந்து முழுக்க ஈரம். ஓடிவந்த டீமேக்கர் ஐயாவிடம் ஜன்னலைத் திறந்ததையும், ராமையா படியில் நின்ற கணக்கையும் சொல்லிவிட்டேன். ராமையா முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஐயா ஈரக் கொழுந்தை அள்ளிப் பார்த்துக் கீழே விட்டார். "கொழுந்து நாளைக்கும் வரும். முன்னாடியே சொல்லியிருந்தா ஒரு ஜன்னல் போதுமேப்பா."

கீழ்வாசல்

இரத்தினபுரி ஆஸ்பத்திரியிலிருந்து ஒன்பதாம் நாள் திரும்பிய ராமையாவை மலைக்கு அனுப்பவில்லை. கீழ்வாசலில் உட்கார்ந்து கிழிந்த சாக்குத் தைக்கும் வேலை கொடுத்தார்கள். பதினொரு நாள் என்னோடு பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் நான் மாடி ஏறும்போது ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்: "அண்ணே, இப்பெல்லாம் நீங்க இருபத்தாறாவது படியில நிக்கிறீங்க. நான் இன்னும் யார்கிட்டயும் சொல்லல."

இத்தனை வருடம் ஊரார் மூச்சையெல்லாம் எண்ணிய நான் எண்ணாமல் விட்டது ஒரே ஒரு மூக்கைத்தான், அதுவும் என் முகத்திலேயே இருந்தது.