மூன்றாவது உடுப்பு

பலேர்மோவின் பிரான்காச்சோப் பகுதியில் மாமியின் வீட்டுக் கதவைத் திறந்ததும் கண்ணில் படுவது ஒரு படம். ஊதா நிறப் பொய்முடி, மடிப்பு வைத்த நீலப் பாவாடை, கையில் மட்டை வாள் என்று நான் விறைத்துக்கொண்டு நிற்கிறேன். என் முன்னால் மாமியும் அம்மாவும் ஆலாத்தித் தட்டத்தைப் பிடித்திருக்கிறார்கள். வாழைப்பழத் துண்டுகளில் மூன்று திரிகள் எரிகின்றன. வீட்டுக்கு வருகிறவர்கள், இது என்ன நாடகமோ என்று கேட்பார்கள். "இல்லை, எங்கட பிள்ளையின்ர சாமத்தியச் சடங்கு" என்பார் மாமி, இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல.

மாமி அப்பாவின் தங்கை. மாமா இறந்த பிறகு ஊரிலிருந்து தனியாக இத்தாலிக்கு, இந்தப் பலேர்மோ நகரத்துக்கு வந்தவர். அப்போது நாங்கள் இதே நகரத்தின் கால்சாப் பகுதியில், சுவர் உரிந்த ஒரு பழைய கட்டடத்தில் இருந்தோம். அம்மாவும் அப்பாவும் இருட்டும்வரை வேலை. மாமி காலையில் ஒரு இத்தாலியச் சிஞ்ஞோராவின் வீட்டில் துணிகளை அயன் பண்ணிவிட்டு, மத்தியானம் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவருவார். சோற்றுக் கோப்பையோடு இருவரும் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்காருவோம். அந்த நேரத்தில் இத்தாலியன் பேசும் ஜப்பானியக் கார்ட்டூன்கள்தான் போகும். அதில் ஊதா முடிப் பள்ளிக்கூடக்காரி ஒருத்தி வாளோடு நகரத்தைக் காப்பாற்றிக்கொண்டிருப்பாள். எனக்கு அவள் மீது பைத்தியம். மாமிக்கு அவளுடைய பாவாடை மீது சந்தேகம். "இவ்வளவு சண்டை பிடிச்சும் ஒரு மடிப்பும் குலையேல்லை. ஆர் அயன் பண்ணிக் குடுக்கினம்?" என்பார். ஆனால் மாமியின் இத்தாலியனில் பாதி அவளிடம் கற்றதுதான். மீன்காரனிடம் விலை பேசும்போது, "நான் ஒருபோதும் பின்வாங்கமாட்டேன்" என்று அவளைப்போலவே சொல்வார். அவன் சிரித்துக்கொண்டே குறைத்துவிடுவான்.

நான் பெரிய பிள்ளையானதும் மண்டபம் எடுத்துச் சடங்கு செய்வதாக முடிவானது. இங்கே அப்போதே மூன்று உடுப்பு மாற்றி மூன்று தரம் மேடைக்கு வருவதுதான் வழக்கம். முறைகளை எல்லாம் அறிந்தவர் அம்மாவின் அக்கா, என் பெரியம்மா. எங்கள் குசினியில் உட்கார்ந்து, எந்தச் சடங்கை யார் செய்வது என்று அவர் பிரித்தார். தண்ணீர் வார்ப்பதும் ஆலாத்தி எடுப்பதும் முறைப்படி மாமிக்கு உரியவை. "அவ வேண்டாம். புருசன் இல்லாதவ" என்றார் பெரியம்மா. மெதுவாகத்தான் சொன்னார். மாமி இரண்டடி தள்ளி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். உரிப்பதை அவர் நிறுத்தவேயில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

மூன்றாவது உடுப்பாக அந்த ஊதா முடிக்காரியின் உடுப்புத்தான் வேண்டும், இல்லாவிட்டால் மேடை ஏறமாட்டேன் என்று அடம்பிடித்தேன். அம்மா அழுது ஓய்ந்தார். மாமி தைத்து, மடிப்பு மடிப்பாக அயன் பண்ணித் தந்தார். முன்கூட்டியே ஏதோ திட்டம் போட்டேன் என்று சொன்னால் பொய். அந்தக் கோலத்தில் நான் மேடைக்கு வந்ததும், ஆலாத்தி எடுக்க அழைக்கப்பட்ட பெண்கள் ஒருவரையொருவர் பார்த்து நின்றார்கள். அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

"மாமி எடுக்கட்டும்" என்றேன். பெரியம்மா வாயைத் திறக்குமுன், "இந்த உடுப்புக்கும் சாத்திரம் இருக்கோ, பெரியம்மா?" என்று கேட்டேன்.

பெரியம்மா உண்மையாகவே யோசித்தார். ஒன்றும் அகப்படவில்லை. மண்டபத் தூணுக்குப் பின்னால் ஒதுங்கியிருந்த மாமி எழுந்து வந்தார். தட்டத்தின் மறுபக்கத்தை அம்மா போய்ப் பிடித்தார்.

அதன்பிறகு இங்குள்ள பெண் பிள்ளைகள் எல்லோருக்கும் மூன்றாவது உடுப்பு ஜப்பான் உடுப்பாயிற்று. அதற்கு ஆலாத்தி எடுப்பது மாமிதான். "அதுக்கு அவதான் எடுக்கவேணும், அதுதான் முறை" என்று பெரியம்மாவே சொல்லத் தொடங்கினார். எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். சேலையோடு வரும் பிள்ளைக்கு மட்டும் மாமி இன்னும் ஆகாதவர்.

போன மாதம் அண்ணாவின் மகளுக்குச் சடங்கு. இம்முறை மாமி முறை எனக்கு. ஆனால் பிள்ளை ஜப்பான் உடுப்பை மறுத்துவிட்டாள். அதெல்லாம் எங்கள் காலத்துச் சரக்காம். அவளுக்குக் கொரியப் பாட்டுத்தான். கெஞ்சிப் பார்த்தேன், அசையவில்லை. மூன்று தரமும் சேலைதான் என்று மாமியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முதல் சேலையோடு பிள்ளை மேடையில் நின்றாள். தட்டத்தின் ஒரு பக்கத்தை நான் பிடித்தேன். மறுபக்கத்துக்குப் பெரியம்மா யாரையோ தேடினார். நான் தட்டத்தோடு படியிறங்கி, தூணுக்குப் பின்னாலிருந்த மாமியிடம் போனேன்.

"பிறகு, அந்த உடுப்புக்கு வாறன்" என்றார் மாமி.

"அந்த உடுப்பு இல்லை, மாமி."

மாமி திரிகளைப் பார்த்தார். நான் தட்டத்தை நீட்டியபடியே நின்றேன். கடைசியில் மேடையிலிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது. "திரி அணையப்போகுது. இரண்டு பேருமாக் கெதியா வாங்கோ."

மாமியின் வீட்டில் இப்போது இரண்டு படங்கள். ஊதா முடியோடு நான் நிற்கும் படத்தை வருகிறவர்கள் இன்றும் விசாரிக்கிறார்கள். பக்கத்தில் சிவப்புச் சேலையில் ஒரு பிள்ளையும் அவளுக்கு ஆலாத்தி எடுக்கும் இரண்டு மாமிகளும் இருக்கும் படத்தைப் பார்த்து ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை.